பிராங்க்பர்ட் அறிஞர்களும் வானொலியும்

அர்ஜென்டினா நாட்டில் விளைந்த தானியத்தை ஐரோப்பியத் துறைமுகங்களுக்கு அனுப்பிப் பெரும்பொருள் ஈட்டியவர் ஹெர்மன் வைல் என்னும் ஜெர்மானிய யூதர். அவருடைய மைந்தர் பெலிக்ஸ் வைல் 1898-ஆம் ஆண்டில் போனஸ் அயர்ஸ் நகரில் பிறந்தவர். கல்வியின்பொருட்டு ஜெர்மனிக்கு வந்து, பிராங்க்பர்ட் பல்கலைக் கழகத்தில் சமதர்மப் பொருளாதாரம் குறித்து ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றவர். தந்தை முதலாளித்துவத்தின் பயனை நுகர்ந்தார். மைந்தர் அம்முறையின் அடிப்படையையே ஐயுற்றார். தந்தையின் செல்வமும் மைந்தரின் ஐயமும் ஒருங்கு கூடியதன் பயனாக, 1923-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 3-ஆம் நாள் கல்வி அமைச்சின் ஆணையின்படி தோன்றியதே பிராங்க்பர்ட் சமூக ஆராய்ச்சி நிலையம். இன்று உலகமெங்கும் 'பிராங்க்பர்ட் சிந்தனைக் குழாம்' என்று வழங்கும் அறிஞர் மரபின் பிறப்பிடம் அதுவே. ஆயினும் அப்பெயர் அவர்கள் தாமே இட்டுக்கொண்டதன்று. 1960-களில்தான் அது பிறர் வாயிலாக வழக்கிற்கு வந்தது.

அவ்வறிஞர்கள் எழுதிய நூல்கள் பல. அவை எளிதில் விளங்கும் நடையில் அமைந்தவையும் அல்ல. அவற்றையெல்லாம் ஈண்டு விரித்துரைத்தல் இயலாது. ஆனால் அவர்களுடைய ஆராய்ச்சி முழுவதையும் ஊடுருவிச் செல்லும் வினா ஒன்று உண்டு. தம்மை வருத்தும் ஆட்சிக்கு மக்கள் தாமே மனமுவந்து இசைவது ஏன் என்பதே அவ்வினா. வாளுக்கு அஞ்சிப் பணிவதை எவரும் விளங்கிக்கொள்ளலாம். வாள் கண்ணிற் படாத இடத்திலும் பணிவது எதனால்? இவ்வினாவுக்கு விடை தேடிய அவர்களுடைய வரலாற்றில், வானொலி என்னும் கருவி வியக்கத்தக்க வகையில் மீண்டும் மீண்டும் வந்து குறுக்கிடுகின்றது. நேயர்களுக்கு அந்த வரலாற்றை வானொலியின் வழியே சொல்லிச் செல்வதில் ஒரு பொருத்தம் உண்டு என்று கருதுகிறேன்.

நிலையத்தின் அமைப்பு முறை கவனிக்கத் தக்கது. ஹெர்மன் வைல் ஆண்டுதோறும் 120,000 மார்க் வருவாய் வரும்படி கொடை அளித்தார். கட்டடமும் எழுப்பித் தந்தார். அக்கட்டடம் 1924-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் திறக்கப்பட்டது. நிலையத் தலைவர் பல்கலைக் கழகப் பேராசிரியராக இருத்தல் வேண்டும் என்பது விதி. ஆனால் நிலையத்தின் பணமோ பல்கலைக் கழகத்தின் கையில் இல்லை. யாரிடம் சம்பளம் வாங்குகிறோமோ அவரைப் பற்றி எழுதும்போது பேனா சற்றே தயங்கும் என்பது உத்தியோகத்தில் இருப்பவர்கள் அறிந்த செய்தி. அத்தயக்கம் நேரா வண்ணம் அந்நிலையம் முதலிலேயே காப்பிடப்பட்டிருந்தது. பின்னர் வந்த இடர்களில் அது அழியாமல் நின்றதற்கு அதன் தத்துவத்தைக் காட்டிலும் இந்த ஏற்பாடே பெரிதும் காரணம் என்று கூடச் சொல்லலாம்.

முதல் தலைவராக வந்தவர் வியன்னா நகரத்துப் பேராசிரியர் கார்ல் குரூன்பெர்க். தொழிலாளர் இயக்கத்தின் வரலாற்றைத் திரட்டுவதிலேயே அவருடைய காலம் கழிந்தது. அந்நாளில் உதவியாளராக அங்கே பணியாற்றிய ரிச்சர்டு சோர்கே என்பவர், பின்னாளில் சோவியத் ஒற்றராக டோக்கியோவில் இயங்கி, 1944-இல் தூக்கிலிடப்பட்டார் என்பது இடைச் செய்தி. 1928-ஆம் ஆண்டில் குரூன்பெர்க் பக்கவாதத்தால் தளர்ந்தார். 1930-இல் தலைமை மாக்ஸ் ஹோர்க்ஹைமரிடம் வந்தது. இவரும் செல்வர் மகனே. தந்தை நெசவாலை முதலாளி. இளமை முதலே இணைபிரியாத நண்பரான பிரெடரிக் போலக் நிலையத்தின் வரவு செலவைப் பார்த்துக்கொள்ள, ஹோர்க்ஹைமர் சிந்தனையின் போக்கை வகுத்தார். 1931-ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் நிகழ்த்திய பதவியேற்புரையில், தத்துவம் தனித்தும் புள்ளி விவரம் தனித்தும் செல்வதால் பயனில்லை என்றும், பொருளாதார வாழ்வுக்கும் தனி மனிதனின் உள்ளத்துக்கும் பண்பாட்டுக்கும் இடையேயுள்ள தொடர்பைப் பல துறை அறிஞர் கூடி ஆராய்தல் வேண்டும் என்றும் திட்டமிட்டார்.

அதற்குச் சற்று முன்னரே, 1929-இல், அத்தகைய ஆராய்ச்சி ஒன்று தொடங்கியிருந்தது. அதனை நடத்தியவர் உளநூல் அறிஞர் எரிக் பிராம். ஜெர்மானியத் தொழிலாளரிடையேயும் அலுவலகச் சிப்பந்திகளிடையேயும் ஏறத்தாழ 3,300 வினாப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் வினாக்கள் 271. எந்தக் கட்சிக்கு வாக்களிக்கிறீர் என்பது போன்ற வினாக்களோடு அவர் நிறுத்தவில்லை. குழந்தைகளை அடிக்காமலே வளர்க்க முடியும் என்று கருதுகிறீரா? பெண்கள் வேலைக்குச் செல்வது தகுமா? இந்நாட்டில் உண்மையான அதிகாரம் யார் கையில் இருக்கிறது? இவ்வாறு வீட்டு வாழ்வையும் உள்ளக் கிடக்கையையும் துருவும் வினாக்களையும் இடையிடையே வைத்தார். விடையளித்தோர் 1,100 பேருக்கு மேல். ஒரு கட்சியின் கொடியைப் பிடிப்பவன் வீட்டுக்குள் எப்படிப்பட்டவன் என்பதை அந்த விடைகள் காட்டிக் கொடுத்தன.

கிடைத்த முடிவு கலக்கம் தருவதாக இருந்தது. புரட்சியைப் பேசும் இடதுசாரிக் கட்சிகளுக்கு வாக்களித்தவருள்ளும் பலர், மேலோர்க்குப் பணிவதும் கீழோரை அடக்குவதுமே இயல்பு என்னும் மனப்பாங்கு உடையவராகக் காணப்பட்டனர். சொல்லும் நெஞ்சும் ஒத்து, அடக்குமுறையை உறுதியாக வெறுப்பவர் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவே. நெருக்கடி வரும்போது இம்மக்கள் எதிர்த்து நிற்பார்கள் என்று நம்புவதற்கில்லை என்பதே அதன் உட்பொருள். நாட்டைவிட்டு ஓட நேர்ந்தபோது அப்பத்திரங்களில் ஒரு பகுதி காணாமற் போயிற்று. 584 மட்டுமே எஞ்சின. அந்த ஆராய்ச்சி நூல்வடிவில் வெளிவந்தது 1980-இல்தான். அது எச்சரித்த கேடோ, ஐம்பது ஆண்டு காத்திருக்கவில்லை.

அக்காலத்தில் பெர்லின், பிராங்க்பர்ட் வானொலி நிலையங்களில் ஓர் எழுத்தாளர் குழந்தைகளுக்காகப் பேசி வந்தார். அவர் பெயர் வால்டர் பெஞ்சமின். 1925-இல் பிராங்க்பர்ட் பல்கலைக் கழகம் இவருடைய ஆய்வுரையை ஏற்க மறுத்துவிட்டமையால், ஆசிரியப் பதவி என்னும் கதவு அடைபட்டு, எழுதியும் பேசியும் பிழைக்கலானார். 1755-ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரை அழித்த பூகம்பம், ஸ்காட்லாந்தில் டே நதிப் பாலம் இடிந்து ரயில் வீழ்ந்த விபத்து, மிசிசிபி நதியின் வெள்ளம் ஆகியவற்றைச் சிறுவருக்குக் கதைபோலச் சொன்னார். பேரிடரைக் கண்டு அஞ்ச வைப்பது அவர் நோக்கமன்று. அது எவ்வாறு நேர்ந்தது, மாந்தர் அதனை எவ்வாறு தவறாக விளங்கிக்கொண்டனர் என்று வினவப் பழக்குவதே அவருடைய முறை. அவருடைய கையெழுத்துப் படிகள் பல எஞ்சியிருக்கின்றன. ஆனால் அவருடைய குரல் எந்த இசைத்தட்டிலும் பதிவாகி நமக்குக் கிடைக்கவில்லை.

பெஞ்சமினின் கடைசி வானொலி உரை 1933-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள் பிராங்க்பர்ட் நிலையத்திலிருந்து ஒலிபரப்பாயிற்று; தம்முடைய பெர்லின் இளமைக்கால நினைவுகளில் ஒரு பகுதியைப் படித்தார். மறுநாள் ஹிட்லர் பிரதமரானார். அன்றிரவே பெர்லின் வீதிகளில் நாஜிகள் நடத்திய தீவட்டி ஊர்வலத்தின் ஆரவாரத்தை அதே வானொலி ஒலிபரப்பிற்று. அவ்வாண்டிலேயே 'மக்கள் வானொலி' என்ற பெயரில் 76 மார்க் விலைக்கு ஒரு மலிவுப் பெட்டியை அரசாங்கம் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் மாதிரி எண் 301. ஹிட்லர் பதவி ஏற்ற ஜனவரி 30-ஐக் குறிப்பது அது. ஏழை வீட்டுக்கும் வானொலி வேண்டும் என்பதில் குற்றம் காண இயலாது. அப்பெட்டியின் வழியே ஏழை வீட்டுக்குள் புகுந்தது எது என்பதே கேள்வி.

மார்ச் 13-ஆம் நாள் போலீசார் ஆராய்ச்சி நிலையத்தை மூடினர். 60,000-க்கு மேற்பட்ட நூல்களைக் கொண்ட அதன் நூலகம் பறிமுதலாயிற்று. ஏப்ரல் மாதத்தில் ஹோர்க்ஹைமர் பதவி நீக்கம் செய்யப்பட்டார். ஆயினும் தலைவர்கள் ஏமாந்திருக்கவில்லை. பிராமின் ஆராய்ச்சி கற்பித்த பாடத்தாலோ என்னவோ, நிலையத்தின் பணம் முன்னரே ஹாலந்துக்கு மாற்றப்பட்டிருந்தது; ஜெனீவாவில் ஒரு கிளையும் தயாராக இருந்தது. 1934-இல் நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக் கழகம் ஒரு வீட்டை அளித்து உதவ, நிலையம் அமெரிக்காவில் குடியேறிற்று.

அங்கே சென்றபின் அவர்கள் செய்த ஒரு காரியம், பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு எளிதில் விளங்கும். ஆங்கிலம் வழங்கும் நாட்டில் இருந்துகொண்டே, தம் ஆராய்ச்சிச் சஞ்சிகையை ஜெர்மன் மொழியிலேயே, பாரிஸ் நகரத்துப் பிரசுராலயத்தின் மூலம் வெளியிட்டு வந்தனர். படிப்பவர் தொகை குறையும் என்பதும், அமெரிக்கப் பேராசிரியர்கள் கவனிக்க மாட்டார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஜெர்மன் மொழி ஹிட்லரின் மொழியாக மட்டும் உலகில் ஒலித்தல் ஆகாது, அம்மொழியில் அறிவுடையோர் சிந்தித்த மரபு எங்கேனும் ஓரிடத்தில் உயிரோடு இருத்தல் வேண்டும் என்று அவர்கள் கருதினர். 1940-இல் பாரிஸ் வீழ்ந்தபின்னரே ஆங்கிலத்துக்கு மாறினர்.

1937-இல் அச்சஞ்சிகையில் ஹோர்க்ஹைமர் எழுதிய கட்டுரை ஒன்றிலிருந்தே 'விமரிசனக் கோட்பாடு' என்னும் பெயர் பிறந்தது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இச்சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. விமரிசனம் என்றவுடன் நாடகத்துக்கோ நாவலுக்கோ மதிப்புரை எழுதுவதே நம் நினைவுக்கு வருகிறது. அல்லது பிறர்மீது குற்றம் கூறுவது. இரண்டும் இங்கே பொருந்தா. உள்ளது உள்ளபடியே இருந்தாக வேண்டும் என்று கொள்ளாமல், அது எவ்வாறு இந்நிலைக்கு வந்தது, யாருக்குப் பயன்படுகிறது, வேறு விதமாக இருக்கக் கூடுமா என்று ஆராய்வதே அவர்கள் கருதிய பொருள். ஆராய்பவனும் அந்தச் சமுதாயத்துக்குள் நிற்பவனே என்பதை மறவாதிருத்தலும் அதில் அடங்கும். அடைக்கலம் தந்த நாட்டில் மார்க்ஸின் பெயரை உரக்கச் சொல்லாமல் இருப்பதற்கும் இச்சொல் வசதியாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பெஞ்சமினும் மொழிபெயர்ப்பாளரே. பிரெஞ்சுக் கவி போதலேரை ஜெர்மனில் பெயர்த்து, மொழிபெயர்ப்பாளரின் பணி குறித்து 1923-இல் வெளியிட்ட முன்னுரை, இத்தொழிலில் உள்ளவர்கள் பொறுமையோடு படிக்கத் தக்கது. காரியாலயத்துச் சுற்றறிக்கைகளைப் பெயர்ப்பதற்கு அது உதவாது.

1938-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தியோடர் அடோர்னோ நியூயார்க் வந்து சேர்ந்தார். 1903-இல் பிராங்க்பர்ட்டில் பிறந்த இவர், யூதரான திராட்சை மது வணிகருக்கும் பாடகியான தாய்க்கும் ஒரே மகன், வியன்னாவில் ஆல்பன் பெர்க்கிடம் இசையமைப்புப் பயின்றவர், தத்துவப் புலவர். இப்படிப்பட்டவருக்கு அமெரிக்காவில் கிடைத்த வேலை வானொலி ஆராய்ச்சி. வியன்னாவிலிருந்து வந்து குடியேறியிருந்த பால் லாசர்ஸ்பெல்டு, ராக்பெல்லர் நிதியின் உதவியோடு நேயர்களின் விருப்பங்களை ஆராயும் திட்டம் ஒன்றை நடத்தி வந்தார். நியூவார்க் நகரில் பயன்படாமல் கிடந்த பழைய பீர் ஆலை ஒன்றே அதன் அலுவலகம். இசைப் பகுதிக்கு அடோர்னோ பொறுப்பேற்றார்.

அங்கே ஒரு கருவி இருந்தது. இசையைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, பிடித்த இடத்தில் ஒரு பொத்தானையும் பிடிக்காத இடத்தில் மற்றொரு பொத்தானையும் நேயர் அழுத்தவேண்டும். கருவி அதனைக் கோடாக வரைந்து காட்டும். அடோர்னோ திகைத்துப் போனார். ஒருவருக்கு ஏன் பிடிக்கிறது, பிடிக்கும்படி அவரைப் பழக்கியது எது என்று கேளாமல், பிடிக்கிறதா என்று மட்டும் கேட்டு எண்ணிக்கை எடுப்பது என்ன ஆராய்ச்சி என்பது அவர் எழுப்பிய தடை. பண்பாட்டை அளந்து காட்டுக என்று கேட்டால், அளக்க இயலாத மனநிலையே பண்பாடு என்பது அவர் நினைவு. லாசர்ஸ்பெல்டோ, ஊகத்தை மெய்ப்பிக்கும் வழி சொல்லாமல் முடிவுகளை அடுக்கிக்கொண்டே போகிறார் இவர் என்று சலித்துக்கொண்டார். இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. நிதி நிலையத்தார் இசைப் பகுதிக்கு மேற்கொண்டு பணம் தர மறுத்துவிட்டனர்.

எனினும் அப்பணியின் விளைவாக 1941-இல் வெளியான கட்டுரைகளில் அடோர்னோ சொன்னவை புறக்கணிக்கத் தக்கவை அல்ல. ஒரு பெரிய வாத்தியக் குழுவின் இசை, அரங்கில் அமர்ந்திருப்போரை ஓசையாலேயே சூழ்ந்து கொள்கிறது. அதே இசை வானொலிப் பெட்டியில் வரும்போது உரத்த ஓசையும் மெல்லோசையும் சமமாகத் தட்டையாகின்றன; முழுமையான அமைப்பு சிதைந்து, இனிய துணுக்குகள் மட்டும் காதில் நிற்கின்றன. நேயர் அத்துணுக்கை அடையாளம் கண்டுகொண்டு, 'இது எனக்குத் தெரியும்' என்று மகிழ்கிறார். அறிந்ததை மீண்டும் அறிவது இன்பமே. அதுவே இன்பத்தின் எல்லையாகிவிட்டால் புதியதைக் கேட்கும் செவி மழுங்கிப்போம். மக்களுக்கு உயர்ந்த இசையைக் கற்பிக்கும் புகழ்பெற்ற வானொலி நிகழ்ச்சி ஒன்றையும், வால்டர் டாம்ரோஷ் நடத்தியதை, இதே காரணத்துக்காக அவர் விடாமல் கண்டித்தார்.

இதற்கிடையில் பெஞ்சமினின் கதை முடிந்தது. 1933 முதல் பாரிஸில் அகதியாக இருந்த அவருக்கு நிலையம் அனுப்பி வந்த உதவித் தொகையே பெரும் ஆதாரம். கலைப் படைப்பை இயந்திரம் பெருக்கிப் பரப்பும் காலத்தில் அதன் தன்மை எவ்வாறு மாறுகிறது என்பது பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1936-இல் அச்சஞ்சிகையில், பிரெஞ்சு மொழிபெயர்ப்பாக, வெளிவந்தது. திரைப்படமும் பிற கருவிகளும் மக்கள் கையில் விழிப்பைத் தரக்கூடும் என்று அதில் அவர் நம்பினார். அடோர்னோவுக்கு அந்த நம்பிக்கை இல்லை. இருவருக்கும் கடிதப் போர் நடந்தது. ஹோர்க்ஹைமரின் முயற்சியால் அமெரிக்கா செல்ல அனுமதி கிடைத்தும், பிரான்சை விட்டு வெளியேறும் அனுமதி கிடைக்கவில்லை. 1940 செப்டம்பரில் பிரனீஸ் மலையைக் கால்நடையாகக் கடந்து, ஸ்பெயின் எல்லையிலுள்ள போர்ட்பூ என்னும் சிற்றூரை அடைந்தார். திருப்பி அனுப்பப்படுவீர் என்று அங்கே சொல்லப்பட்டது. அன்றிரவு மார்பியா உண்டு உயிர் நீத்தார், வயது 48. உடன் வந்தவர்கள் பின்னர் எல்லையைக் கடக்க அனுமதிக்கப்பட்டனர். வரலாறு பற்றி அவர் கடைசியாக எழுதிய குறிப்புக்களை 1942-இல் நிலையம் தட்டச்சுப் படியாகவே நினைவு மலரில் சேர்த்து வெளியிட்டது.

ஹோர்க்ஹைமரும் அடோர்னோவும் 1941-இல் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தனர். ஜெர்மானிய நாவலாசிரியர் தாமஸ் மான் அண்டை வீட்டார் போல அருகிலேயே இருந்தார்; அவருடைய 'டாக்டர் பாஸ்டஸ்' நாவலின் இசைப் பகுதிகளுக்கு அடோர்னோ ஆலோசனை கூறினார். பக்கத்திலேயே ஹாலிவுட். இச்சூழலில் இருவரும் கூடி எழுதிய 'அறிவொளியின் இயங்கியல்' 1944-இல் 500 தட்டச்சுப் படிகளாகவும், 1947-இல் ஆம்ஸ்டர்டாமில் நூலாகவும் வெளிவந்தது. மூடநம்பிக்கையிலிருந்து மனிதனை விடுவிக்க எழுந்த பகுத்தறிவு, இயற்கையை அடக்கும் கருவியாகி, பின்னர் மனிதனையே அடக்கும் கருவியாகிவிட்டது என்பது அதன் சாரம். கிரேக்கக் காவிய நாயகன் ஒடிஸியஸின் கதையை அதற்கு எடுத்துக்காட்டினர். மயக்கும் பாடலைப் பாடிக் கப்பல்களை அழிக்கும் அணங்குகளின் தீவைக் கடக்கையில், அவன் மாலுமிகளின் காதுகளை மெழுகால் அடைத்துவிட்டு, தன்னைப் பாய்மரத்தில் கட்டச் செய்தான். உழைப்பவருக்குப் பாட்டுக் கேளாது. கேட்பவனுக்கு அசைய இயலாது. உழைப்பும் கலையும் பிரிந்து நிற்கும் சமுதாயத்தின் முதற் சித்திரம் இது என்றனர். இவ்வளவு பழைய கதையில் இவ்வளவு புதிய பொருள் கண்டது அந்நூலின் தனிச் சிறப்பு.

அந்நூலிலேயே வானொலியைப் பற்றிய கடுந்தீர்ப்பும் வருகிறது. தொலைபேசியில் பேசுபவன் மறுமொழி கூறலாம்; வானொலியோ எல்லோரையும் கேட்பவர்களாக மட்டும் ஆக்கி, எங்கும் ஒரே மாதிரியான நிகழ்ச்சிகளுக்கு ஆட்படுத்துகிறது என்பது அவர்கள் வாதம். ஹிட்லரின் குரலும் சோப்பு விளம்பரமும் ஒரே வழியாக வந்து ஒரே வகையில் ஏவுகின்றன என்று கருதினர். இதனை முழுவதும் ஒப்புக்கொள்ள என்னால் இயலவில்லை. கடைப் பலகையிலும் தெருப் பேச்சிலும் தன் மொழி இல்லாத ஊரில் வாழ்பவனுக்கு, மாலையில் பெட்டியிலிருந்து வரும் தாய்மொழிச் செய்தி ஏவலாக ஒலிப்பதில்லை. கேட்பவர் ஒவ்வொருவரும் தத்தம் வாழ்வைக் கொண்டுவந்து அக்குரலோடு சேர்த்தே கேட்கிறார்கள் என்பதை அவ்வறிஞர்கள் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. ஆயினும் மறுமொழி சொல்ல வழியில்லாத குரல் எவ்வளவு நல்லதாயினும் அதில் ஓர் அபாயம் உண்டு என்று அவர்கள் சொன்னதைத் தள்ளிவிடவும் முடியாது. நேயர் கடிதங்களுக்கு விடை கூறும் நேரம் எதற்காக வைக்கப்படுகிறது?

போர்க்காலத்தில் நிலையத்தின் பணமும் சுருங்கிற்று. அறிஞர்கள் பலவிடங்களில் பிரிந்தனர். ஹெர்பர்ட் மார்க்கூசே, பிரான்ஸ் நாய்மன், ஆட்டோ கிர்ச்ஹைமர் மூவரும் அமெரிக்க உளவுத் துறையில் ஜெர்மனியைப் பற்றி ஆராய்ச்சி அறிக்கைகள் எழுதினர். இலக்கிய அறிஞர் லியோ லோவெந்தால் 1949 முதல் 1954 வரை 'அமெரிக்காவின் குரல்' வானொலியின் ஆராய்ச்சித் தலைவராக இருந்தார். 1950-இல் அடோர்னோவும் கலிபோர்னிய உளநூலார் மூவரும் வெளியிட்ட நூல், அடக்குமுறைக்கு இசையும் மனப்பாங்கை அளவிடும் வினாக்களை வகுத்தது. அளக்க மறுத்தவர் அளவுகோல் செய்ய உடன்பட்டார்! பிராமின் பழைய வினாப் பத்திரம் இவ்வாறு அமெரிக்கக் கோலத்தில் மீண்டும் பிறந்தது.

அடோர்னோ 1949-இல் பிராங்க்பர்ட்டுக்குத் திரும்பினார். ஹோர்க்ஹைமர் 1951-இல் அங்கே பல்கலைக் கழகத்தின் தலைமைப் பதவியையே ஏற்றார். குண்டுவீச்சில் அழிந்த பழைய கட்டடத்துக்குப் பதிலாகப் புதிய கட்டடம் அவ்வாண்டு நவம்பரில் திறக்கப்பட்டது. தம் இனத்தாரைக் கொன்றொழித்த நாட்டுக்கு ஏன் திரும்பினீர் என்ற வினாவுக்கு, 1965-ஆம் ஆண்டு வானொலி உரை ஒன்றில் அடோர்னோ விடை கூறினார். பழகிய மண்ணின்மீதுள்ள பற்றோடு, மொழியும் ஒரு காரணம் என்றார். வந்த மொழியில் எவ்வளவு தேர்ந்தாலும் சொல்ல நினைப்பதன் நுட்பமும் ஓசையும் தாய்மொழியில் அமைவது போல அமையா என்பது அவர் அனுபவம்.

திரும்பியவுடன் அவர்கள் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி அஞ்சத்தக்கது. 1950-51 குளிர்காலத்தில், மேற்கு ஜெர்மனியில் ஏறத்தாழ 1,800 பேரைச் சிறு சிறு குழுக்களாக அமர்த்தி, அமெரிக்கப் படையாள் ஒருவன் ஜெர்மானியரைப் பற்றி எழுதியதாகக் கற்பனையாக அமைத்த கடிதம் ஒன்றைக் கேட்கச் செய்து, உரையாட விட்டனர். பேச்சுக்களை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தபோது, நேரில் கேட்டால் எவரும் சொல்லாதவை வெளிப்பட்டன. எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பர். அடுத்த மூச்சில், மற்றவர்களும் கொடுமை செய்யவில்லையா என்பர். தெரியாதவர்களுக்கு ஒப்பிட என்ன இருக்கிறது? 1955-இல் அது வெளியானபோது வரவேற்பைவிட எரிச்சலே மிகுதி.

இங்கே ஒரு திருப்பம். வானொலியை அவ்வளவு கண்டித்த அடோர்னோ, 1950-களிலும் 60-களிலும் ஜெர்மானிய வானொலி நிலையங்களில் நூற்றுக்கு மேற்பட்ட முறை பேசினார். பிராங்க்பர்ட்டில் உள்ள ஹெஸ்ஸன் வானொலியில் 1966-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் 'ஆஷ்விட்சுக்குப் பின் கல்வி' என்னும் உரையை நிகழ்த்தினார். ஆஷ்விட்சு வதை முகாமில் பணியாற்றியவர்கள்மீது அதே நகரில் நடைபெற்ற வழக்கு முடிந்து ஓராண்டு கூட ஆகவில்லை. அங்கே நிறுத்தப்பட்டவர்கள் மருந்துக் கடைக்காரர், கணக்கர், பல் மருத்துவர் போன்ற சாதாரண மனிதர்கள். அத்தகைய கொடுமை மீண்டும் நிகழாதிருத்தலே கல்வியின் முதற் கடமை என்றும், குளிர்ந்த உள்ளமும் வன்மையைப் போற்றும் வளர்ப்பு முறையும் எவ்வாறு கொலையாளியை ஆக்குகின்றன என்பதைப் பள்ளிப் பருவத்துக்கு முன்னரே கவனிக்க வேண்டும் என்றும் கூறினார். குழந்தைகளை அடிக்காமல் வளர்க்க முடியுமா என்று 1929-இல் பிராம் கேட்ட வினா, இவ்வாறு 37 ஆண்டுகளுக்குப் பின் வானொலியில் ஒலித்தது.

ஹோர்க்ஹைமர் மட்டும் வயதேற வயதேற எச்சரிக்கை மிகுந்தவரானார். 1930-களின் பழைய சஞ்சிகைகள் நிலையத்தின் நிலவறையில் ஆணி அறைந்த பெட்டிக்குள் கிடந்தன என்று, அங்கே அடோர்னோவின் உதவியாளராக இருந்த யூர்கன் ஹேபர்மாஸ் பிற்காலத்தில் கூறியுள்ளார். ஹேபர்மாஸின் எழுத்து ஹோர்க்ஹைமருக்கு மிகத் தீவிரமாகப் பட்டது. ஆகவே அவர் மார்பர்க் சென்றே தகுதி பெற வேண்டியதாயிற்று. குடிமக்கள் கூடி உரையாடிப் பொதுக் கருத்தை உருவாக்கும் அரங்கம் ஐரோப்பாவில் எவ்வாறு தோன்றித் தேய்ந்தது என்னும் அவருடைய நூல் 1962-இல் வெளிவந்தது. 1964-இல் ஹோர்க்ஹைமரின் பேராசிரியப் பதவிக்கே அவர் வந்தார்.

மாணவர்களோ அப்பழைய சஞ்சிகைகளைத் திருட்டுப் பதிப்பாக அச்சிட்டுப் படித்தனர். படித்ததைச் செய்து காட்டவும் துணிந்தனர். 1969-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள், அடோர்னோவின் மாணவரான ஹான்ஸ் யூர்கன் கிராஹலின் தலைமையில் ஒரு கூட்டம் நிலையத்துக்குள் புகுந்தது. கட்டடத்தைக் கைப்பற்ற வந்திருப்பதாக எண்ணி அடோர்னோ போலீசாரை அழைத்தார். 76 மாணவர் கைதாயினர். கலிபோர்னியாவில் இருந்த மார்க்கூசே, மாணவர் பக்கமே நியாயம் என்று வருந்தி எழுதினார். அடோர்னோவோ, கூச்சலிட்டு எதிர்ப்பவரை ஒடுக்கும் கூட்டத்தைத் தாம் முன்னர் ஒருமுறை கண்டதுண்டு என்னும் கருத்தில் மறுமொழி எழுதினார். நாஜிப் போலீசார் 1933-இல் மூடிய நிலையத்துக்கு, 1969-இல் போலீசாரைத் தாமே அழைக்க நேர்ந்தது அவருக்கு எளிதாக இருந்திராது. மாணவர் சினத்தில் உண்மை இல்லை என்று சொல்ல மாட்டேன்; ஆனால் ஆசிரியரின் அச்சத்தை நகையாடவும் மனம் வரவில்லை. நேரில் பேசித் தீர்த்துக்கொள்வதாக இருவரும் எண்ணியிருந்தனர். அதற்குள், ஆகஸ்டு 6-ஆம் நாள், சுவிட்சர்லாந்தில் ஓய்வுக்காகச் சென்றிருந்த அடோர்னோ மாரடைப்பால் காலமானார்.

அவர் இறந்து ஒரு வாரம் கழித்து, ஆகஸ்டு 13-ஆம் நாள், ஹெஸ்ஸன் வானொலி அவருடைய குரலை மீண்டும் ஒலிபரப்பிற்று. கல்வி அறிஞர் ஹெல்முட் பெக்கருடன் ஜூலை மாதத்தில் பதிவு செய்த உரையாடல் அது. அதன் பொருளைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொல்லை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். நீதிமன்ற வழக்கில் 'மேஜரானவர்' என்கிறோமே, அதனை அறிவுக்கு ஏற்றிச் சொன்னால் ஒருவாறு பொருந்தும்: பிறர் காப்பாளராக நின்று சொல்லித் தராமல், தன் அறிவைத் தானே துணிந்து பயன்படுத்தும் நிலை. மேல் வகுப்பு மாணவர்களைத் திரைப்படங்களுக்கு அழைத்துச் சென்று, அவை எவ்வாறு ஏமாற்றுகின்றன என்று காட்டுக என்றார் அவர். உலகில் குறையொன்றும் இல்லை என்பதுபோல ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் வானொலி வழங்கும் களிப்பான இசைக்கு மயங்காதிருக்கவும் அவர்களுக்குப் பயிற்சி தருக என்று, அந்த வானொலியிலேயே கேட்டுக்கொண்டார்.